ஜன்னலோரக் கட்டிலில் ஒரு முதல் நன்மை

யூன் 9, திங்கள்

சோளகக் காத்து விடாமல் அடிக்குது. வாய் திறந்தால் புழுதி. விடிய, படிப்பிக்கிற நேசறிக்கெண்டு வெளிக்கிட்டனான், இப்ப இருக்கிறது ஆஸ்பத்திரியில. சின்னப்பிள்ளையள் வாட்டு, ஜன்னலோரக் கட்டில், பக்கத்தில ஒரு பிளாஸ்ரிக் கதிரை. கதிரையில நான். கட்டிலில ஷெரின்.

ஷெரின் என்ர தங்கச்சி றீற்றான்ர மூத்தவள். எட்டு வயசு. சின்னனிலயிருந்து முட்டுக்காறி, பனி பட்டாலே நெஞ்சு இழுக்கும். சனி பின்னேரம் தொடங்கின காய்ச்சல். இண்டைக்கு விடிய றீற்றா போனில அழுகிறாள். "அக்கா, மூச்சு விடேக்கை நெஞ்சு குழி விழுது, கெதியா வாங்கோ." அவள் பிள்ளை பெத்து இன்னும் ஒரு மாசம் ஆகேல்லை. மனுசன் அந்தோனி கடலுக்குப் போட்டான். வேற ஆர்? கலியாணம் கட்டாத அக்கா எண்டால் குடும்பத்துக்கு அம்புலன்ஸ் மாதிரித்தானே. ஓட்டோவில ஏத்திக்கொண்டு வந்தன். வழி முழுக்க அவள் கேட்டது ஒரே கேள்வி.

"பெரியம்மா, ஞாயிற்றுக்கிழமைக்குள்ள சுகமாயிடுமோ?"

ஞாயிறு முதல் நன்மை, பூசையில நற்கருணை அப்பத்தை முதன்முதலா நாக்கில வாங்கிற நாள். எங்கட கோயில் பங்கில பதினொரு பிள்ளையள். மறைக்கல்வி ரீச்சர் நான்தான், ஆயத்தப்படுத்தினதும் நான்தான். நாக்கு நீட்டக்கூடப் பழக்கினனான். ஓம், அதுக்கும் பழக்க வேணும்! மெல்லிசு பிஸ்கட்டை உடைச்சு நாக்கில வைச்சு, "கடிக்கக்கூடாது, மெல்லமா விழுங்கு." ஒருத்தன் என்ர விரலைக் கடிச்சவன். ஷெரின்தான் வகுப்பிலயே வடிவா வாங்குவாள். கண்ணை மூடி, கையைக் கூப்பி, ஏதோ வானத்துச் சம்மனசு மாதிரி. வீட்டில எப்பிடியெண்டு எனக்குத் தெரியும், அது வேற கதை.

வந்த உடனை மூக்கில ஒக்சிசன் குழாய். பிறகு நீளக் குச்சி ஒண்டை மூக்குக்குள்ள விட்டு சளி எடுத்தினம். பிள்ளை துள்ளின துள்ளில என்ர கைவிரல் நசிஞ்சுபோச்சு. டொக்டர் சின்னப் பெட்டை, யாழ்ப்பாணத்துப் பக்கம். கண்ணுக்குக் கீழ கறுப்பு. நித்திரை கொண்டு எத்தினை நாளோ.

"என்ன காய்ச்சல் டொக்டர்?"

"இன்புளுவென்சாவா இருக்கலாம் அம்மா. சளியைச் சோதினைக்கு அனுப்புறம், முடிவு வரச் சுணங்கும். மருந்தை இண்டைக்கே தொடங்கிறம்."

"சோதினை முடிவு வர முன்னமோ?"

"ஓம். கட்டிலில கிடத்துற அளவுக்கு வந்த பிள்ளைக்கு முடிவு வரும்வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்கேலாது. இந்த மருந்து கெதியாத் தொடங்கினால்தான் நல்லா வேலை செய்யும். இவவுக்கு முட்டும் இருக்கு."

நான் சும்மா இருந்திருக்கலாம். இந்த வாய் சும்மா விடுமோ! "நானும் ரீச்சர்தான் டொக்டர். சோதினை எழுத முதல் புள்ளி போடுறதை இப்பதான் பாக்கிறன்."

கோவிப்பாவெண்டு நினைச்சன். சிரிச்சவா. "வீட்டுக்குள்ள வெள்ளம் வந்தாப்பிறகு எவ்வளவு மழை எண்டு அளந்துகொண்டு நிப்பீங்களோ ரீச்சர்? முதல்ல பிள்ளையைத் தூக்குவீங்கள்தானே?"

சரி. பெட்டைக்கு வாய் இருக்கு. எனக்குப் பிடிச்சுப்போச்சு.

மாஸ்க் கழட்டக்கூடாதாம், நானும்தான். கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு இஞ்சயிருந்து போக்குவரத்து வேண்டாமாம்.

அந்தோனி நாளைக்குக் கொண்டுவர: துவாய் 2, சார்ஜர், ஷெ.ன்ர பழைய நைற்றி, சுடுதண்ணிப் போத்தில், என்ர மூக்குக்கண்ணாடி (மேசையில இல்லாட்டி அலுமாரிக்கு மேல), இனிப்பா ஏதாவது.

யூன் 10, செவ்வாய்

காத்து. ஜன்னல் கதவு இரவிரவா டக்டக். காட்போட் துண்டு ஒண்டை மடிச்சுச் செருகினன்.

மருந்தின்ர பேர் ஒசெல்டமிவிர். வாயில நுழையேல்லை, மிஸ்ஸைக் கேட்டு எழுதினது. (இஞ்ச நேர்ஸ்மார் எல்லாரும் மிஸ்.) விடியவும் பின்னேரமும். சின்னப்பிள்ளையளுக்கெண்டு பாணி மருந்து இல்லை, கப்சூலைத் திறந்து தூளை அளவாக் கரைச்சுத் தருகினம். கைச்சல் எண்டால் வேப்பெண்ணை தோத்துப்போகும். நேத்துப் பின்னேரம் ஒரு மாதிரிக் குடிச்சவள். இண்டைக்கு விடிய என்ர சட்டை முழுக்கச் சத்தி.

மிஸ்: "வெறுவயித்தில குடுத்தால் சத்தி வரும் ரீச்சர். ரெண்டு வாய் சாப்பிட்டாப்பிறகு, இனிப்பில கலந்து குடுப்பம்."

பத்து மணிபோல அந்தோனி வந்தான், கடலால நேர. மீன் மணம். வாசலில நிண்டு சாமான் தந்தான். துவாய் ஒண்டுதான், மூக்குக்கண்ணாடி இல்லை. ஆனா ஒரு போத்தில் நெல்லிக் கிறஷ். "கடையில இதுதான் இனிப்பா இருந்தது அக்கா." கண் சிவந்திருந்தது. உப்புக்காத்தாம். ஓம், ஓம், உப்புக்காத்து.

நெல்லிக் கிறஷில கலந்து குடுத்தம். முகத்தைச் சுளிச்சாள், ஆனா போச்சு. உள்ளுக்குத் தங்கிச்சு. மாதாவே!

அந்தப் பச்சை நிறத்தைப் பாக்க எங்களைப் பெத்த ஐயான்ர நினைவு வந்திட்டுது. எங்களுக்குக் காய்ச்சல் எண்டால் ஐயா மீன் வித்துப்போட்டு வரேக்கை கடதாசியில சுத்தி ஒரு சோடா கொண்டுவருவார். காய்ச்சல்காறருக்கு மட்டும். மற்றாக்கள் பாத்து எச்சில் விழுங்கவேண்டியதுதான். றீற்றா சின்னனில வெயிலுக்க போய் நிண்டு தலையைச் சுடவைச்சுக்கொண்டு ஓடிவருவாள். "ஐயா, நெத்தியைத் தொட்டுப் பாருங்கோ." ஐயாவும் தொட்டுப் பாத்து, "அச்சோ, நெருப்பு!" எண்டுவார். தெரிஞ்சுகொண்டுதான். பிறகு அவளுக்கும் பாதிச் சோடா.

அப்ப காய்ச்சல் எண்டால் காய்ச்சல். அதுக்கொரு பேர் இருக்கெண்டோ, மூக்குக்க குச்சி விட்டுக் கேக்கலாமெண்டோ ஆருக்குத் தெரியும். சோடா, கொத்தமல்லி, அம்மான்ர மடி. அந்த மடி இப்ப இருந்தால் நானும் போய்ப் படுத்திருப்பன். நாற்பத்தாறு வயசில. வெக்கமில்லை.

பக்கத்துக் கட்டில்: கமலா, முத்தையன்கட்டுப் பக்கம், வயல்காறர். ரெண்டு வயசு மகனுக்கும் இதே காய்ச்சல், இதே மருந்து. மனுசி வாய் ஓயாது. நெல்லு விலை, மாமியார், உரம், மாமியார். நல்ல மனுசி. பிள்ளைக்குப் போர்க்கிற துணி மணக்குது, நல்ல வெயிலில காயப்போட்ட மணம்.

யூன் 11, புதன்

காத்துக் கொஞ்சம் ஓய்ஞ்சிருக்கு. காய்ச்சலும்! விடிய நெத்தி குளுகுளு. ஒக்சிசன் குழாயைக் கழட்டிப் பாத்தினம், பரவாயில்லை. அரைக் கிண்ணம் சோறு. மருந்தும் நெல்லிக் கிறஷும் மடக்கெண்டு. "இன்னுங் கொஞ்சம் கிறஷ் தாங்கோ." கள்ளி!

டொக்டரைக் கேட்டன், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போகலாமோ எண்டு. தலையாட்டினவா, இல்லையெண்டு. மற்றப் பிள்ளையளுக்கும் தொத்துமாம், இவளின்ர நெஞ்சும் இன்னும் வெளிக்கேல்லையாம். ஷெரின் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். முதுகு மட்டும் குலுங்கினது.

மத்தியானம் எங்கட பங்குப் பாதர் போன் எடுத்தவர். விசயத்தைச் சொன்னன்.

"அதுக்கென்ன ரீச்சர், நான் அங்க கொண்டுவந்து குடுக்கிறன். அந்தப் பக்கம் வாற நேரம் ஒருக்கா வாறன். எந்த நாள், எத்தினை மணி எண்டு இப்ப சொல்லேலாது."

பிள்ளைக்குச் சொன்னன். எழும்பி இருந்திட்டாள். முகமெல்லாம் பல்லு.

"எப்ப வருவார் பெரியம்மா?"

"எப்பவெண்டாலும் வருவார். நீ ஆயத்தமா இரு."

பின்னேரம் சரியான பம்பலும் சிரிப்பும். "நீங்கள் முதல் நன்மை எடுத்த கதையைச் சொல்லுங்கோ" எண்டாள். வகுப்பில நூறுதரம் சொன்ன கதை. எனக்கும் சொல்லாட்டில் பத்தியப்படாது. கமலாவும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தவா.

எங்கட பழைய கோயில், கடலுக்குக் கிட்ட, சுனாமியோட போனது. அலைச் சத்தத்துக்கு மேலால கத்திப் பாட வேணும். வெள்ளைச் சட்டை எங்கட ஒழுங்கைக்கே ஒண்டுதான். ஒருத்தி எடுத்து முடிய மற்றவள். எனக்கு வரேக்கை இடுப்பில ஊசி குத்தித்தான் போட்டது, பூசை முழுக்க அந்த ஊசி என்னைக் குத்திக்கொண்டு நிண்டது. பிறகு பூசை முடிய பாதரின்ர மிசன் வீட்டில பணிசும் வாழைப்பழமும். ஆ, அந்தப் பணிஸ்! இவ்வளவு காலத்துக்குப் பிறகும் நாக்கில நிக்குது. ஏனெண்டால் அப்பிடிப் பசி.

"ஏன் பசி?"

"அந்தக் காலத்தில நாங்கள் இப்ப மாதிரி இல்லை பிள்ளை. முதல் நாள் பின்னேரம் பாதரிட்டைப் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் முடிச்சால் பிறகு வாயில ஒண்டும் வைக்கமாட்டம். பச்சைத் தண்ணி இல்லை. துப்பல் விழுங்கக்கூடப் பயம். ஒருத்தி பல்லு விளக்கேக்கை தண்ணி விழுங்கிப்போட்டு, அழுது அழுது கடைசி வாங்கிலில போய் இருந்தவள். அவளுக்கு அண்டைக்கு நன்மை இல்லை. நான் நிண்டன். தலை சுத்தச் சுத்த நிண்டன்."

ஷெரின் கண் வெட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். எப்பிடியொரு பிள்ளை!

யூன் 12, வியாழன்

காய்ச்சல் திரும்பி வந்திட்டுது. என்ன சவம் இது.

விடியத் தொட்டால் கொதிக்குது. சோறு வேண்டாம், பால் வேண்டாம், பாண் வேண்டாம். "வாய்க்கு ருசியில்லைப் பெரியம்மா." ஊட்டினால் வாயில வைச்சுக்கொண்டு பாத்றூமுக்கு ஓடுறாள், ஓங்காளம் வருதாக்கும். மருந்து மட்டும் நல்ல பிள்ளையா வாங்கினவள். மிஸ் குடுக்க, வாயில விட்டுக்கொண்டு துவாயால வாயைப் பொத்திக்கொண்டு படுத்திட்டாள்.

மூச்சு இழுக்குது. மூக்கில திரும்பவும் குழாய். உதடு வெடிச்சுப்போச்சு. டொக்டர் கேட்டவா, "தண்ணி குடிக்கிறாவோ? மூத்திரம் போறது காணாது." போத்திலைத் தூக்கிப் பாத்தன், கொஞ்சம் குறைஞ்சமாதிரித்தான் கிடந்தது. "குடிக்கிறாள் டொக்டர்" எண்டன். கையில ஊசி, சேலைன். எக்ஸ்றே. கிருமிக்கு வேற ஊசி மருந்து.

றீற்றா போனில. "என்னக்கா, நேத்து நல்லமெண்டனீங்கள்?" பின்னால பச்சைப்பிள்ளை கத்துது. என்னத்தைச் சொல்ல. "வாறதும் போறதும்தானே காய்ச்சல்" எண்டு சொல்லிப்போட்டு, போனை வைச்சிட்டு மாடிப்படிக்குக் கீழ நிண்டு அழுதன். ஒரு பூனை பாத்துக்கொண்டு நிண்டது. கலைச்சன்.

பாதருக்குப் போன் எடுத்தன், எல்லாத்தையும் விட்டிட்டு வாங்கோ எண்டு சொல்ல. அடிச்சு அடிச்சு நிண்டது.

யூன் 13, வெள்ளி

இண்டைக்கு நடந்ததை ஒழுங்கா எழுதவேணும். ஒண்டும் விடாமல்.

விடியக் காய்ச்சல் இன்னும் கூட. பிள்ளை கண் திறக்கவே சோம்பல். டொக்டர் வந்தவா, நெஞ்சில வைச்சுக் கேட்டவா, எக்ஸ்றேயைத் தூக்கி வெளிச்சத்தில பிடிச்சவா. சிரிக்கேல்லை.

"மருந்து தொடங்கி இவ்வளவுக்குக் காய்ச்சல் இறங்கவேணும் ரீச்சர். மருந்து கேக்கேல்லைப் போல. நெஞ்சில சளியும் கூடிட்டுது. பெரிய டொக்டரோட கதைச்சுப்போட்டு யாழ்ப்பாணம் அனுப்புவம். அங்க மூச்சுக்கு மெசின் இருக்கு."

மூச்சுக்கு மெசின். அதுக்குப் பிறகு அவா சொன்னது ஒண்டும் காதில விழேல்லை. உடுப்பு மடிக்கத் தொடங்கினன். மடிச்சதையே திரும்பவும் மடிச்சன்.

கமலா வந்து முதுகில கை வைச்சவா. "அழாதையுங்கோ அக்கா. எங்கட அம்மாள் கைவிடமாட்டா. பிள்ளையும் இந்த வருத்தத்துக்கையும் விரதத்தை விடேல்லை, அந்தப் பலன் வீண் போகாது."

"என்ன விரதம்?"

"வெள்ளி விரதம்தானே? நேத்து நீங்கள் போன் கதைக்கப் போன நேரம் தோசைத் துண்டொண்டு நீட்டினன், 'நான் இப்ப சாப்பிடக்கூடாது அன்ரி' எண்டவள். இண்டைக்கு விடியத் தண்ணிக்கும் அப்பிடித்தான். எங்கட வீட்டில நானும் பிடிக்கிறனான். வேதக்காறரும் வெள்ளி பிடிப்பினமாக்கும் எண்டு நினைச்சன்."

கையில இருந்த நைற்றி கீழ விழுந்திட்டுது.

கட்டிலடிக்குப் போனன். துவாயை இழுத்தன். மூலை விறைச்சுப்போய்க் கிடந்தது. மணந்து பாத்தன். நெல்லிக் கிறஷ். தலைகாணிக்குக் கீழ மூக்குத் துடைக்கிற கைலேஞ்சி ஒண்டு, அதுவும் பச்சை.

"ஷெரின். மருந்து குடிச்சனியோ?"

சுவர்ப் பக்கம் திரும்பினாள்.

"நேத்து? நேத்துப் பின்னேரம்? முந்தநாள் பின்னேரம்?"

தலையை ஆட்டினாள், இல்லையெண்டு. வெடிச்ச உதட்டை நக்கிக்கொண்டு, மெல்லமா:

"பாதர் எப்ப வருவாரெண்டு தெரியாதுதானே பெரியம்மா. நான் குடிச்சிருந்தால் எனக்குத் தரமாட்டாரே. தண்ணி மட்டும் ரெண்டுதரம் களவாக் குடிச்சனான். அதைப் பாதருக்குச் சொல்லவேணுமோ?"

ஐயோ. ஐயோ என்ர பிள்ளை.

நான்தான் சொன்னனான். எப்பவெண்டாலும் வருவார் எண்டு. ஆயத்தமா இரு எண்டு. பச்சைத் தண்ணி இல்லை எண்டு. ஒண்டொண்டா என்ர வாயால.

இதில பகிடி என்னெண்டால், சட்டம் அப்பிடி இல்லை, எங்கட காலத்திலயே மாறிட்டுது, ஊர்தான் பழசை விடேல்லை, அது எனக்கு வடிவாத் தெரியும். நன்மைக்கு முதல் ஒரு மணித்தியாலம் சாப்பிடாட்டிச் சரி. தண்ணியும் மருந்தும் எந்த நேரமும் குடிக்கலாம். வருத்தக்காறருக்கு அதுவும் இல்லை. பிள்ளையளின்ர புத்தகத்திலயே கிடக்கு. அந்த இடம் வர நான் கெதியா வாசிச்சுப்போட்டு என்ர பழைய கதைக்குத் தாவிடுவன். புதுச் சலுகை எண்டு எனக்கொரு இளக்காரம். எங்கட காலம்தான் காலம் எண்டு ஒரு திமிர்.

டொக்டரிட்டைச் சொல்லவேணும். வெக்கமா இருந்தது. ரீச்சர், மறைக்கல்வி ரீச்சர், பக்கத்தில இருந்த பிள்ளை விழுங்கினதோ இல்லையோ எண்டு பாக்கத் தெரியாதவள். எண்டாலும் சொல்லாமல் யாழ்ப்பாணம் அனுப்பினால் அங்கயும் மருந்து கேக்கேல்லை எண்டுதானே நினைப்பினம்? துவாயையும் கைலேஞ்சியையும் தூக்கிக்கொண்டு போனன். அவா போனில பெரிய டொக்டரோட கதைச்சுக்கொண்டு நிண்டவா. மேசையில வைச்சன். எல்லாம் சொன்னன்.

துவாயின்ர விறைச்ச மூலையை விரிச்சுப் பாத்தவா. ஏசுவாவெண்டு நிண்டன்.

"அப்ப மருந்து தோக்கேல்லை ரீச்சர். மருந்து உள்ளுக்குப் போகவேயில்லை."

பிறகு போனில: "சேர், ஒரு புது விசயம்."

அம்புலன்ஸ் நிக்கட்டாம், ஆனா பின்னேரம்வரைக்கும் இஞ்ச வைச்சுப் பாப்பமாம். மருந்தை உடனை தொடங்கவேணுமாம். ஊசி மருந்தும் சேலைனும் ஓடட்டுமாம்.

இப்ப பிள்ளையை விழுங்கப்பண்ண வேணும். என்ர சொல்லு எடுபடேல்லை. "நீங்கள் எனக்காகப் பொய் சொல்லுறீங்கள்" எண்டு வாயை இறுக்கிக்கொண்டாள். பத்துத்தரம் அடிச்சு, கடைசியாப் பாதர் எடுத்தார். போனை அவளின்ர காதில வைச்சன். அந்தாளின்ர குரல் வெளியிலயும் கேட்டது.

"ஷெரின், ஆர் சொன்னது உனக்கு? மருந்து குடிக்கிற பிள்ளைக்குத்தான் நான் நன்மை கொண்டுவாறன். குடிக்காட்டில் வரவேமாட்டன். விளங்கினதோ?"

"தண்ணி?"

"குடம் குடமாக் குடி."

குடிச்சாள். மிஸ் பாத்துக்கொண்டு நிண்டவா, நானும் குனிஞ்சுகொண்டு. "வாயைத் திற. நாக்கை நீட்டு. மேல தூக்கு. சரி." ஆறு மாசம் பழக்கின நாக்கு. இதுக்குப் பழக்கேல்லை நான்.

பின்னேரம்: காய்ச்சல் அப்பிடியேதான். மூச்சு கூடேல்லை. "கூடாட்டில் நல்லது" எண்டு டொக்டர் சொன்னவா. அம்புலன்ஸ் இண்டைக்கு வேண்டாமாம்.

யூன் 14, சனி

மழை இல்லை, முகில் மட்டும். காகம் ஒண்டு ஜன்னலில வந்து பிஸ்கட் கேக்குது.

சோதினை முடிவு வந்திட்டுது. இன்புளுவென்சா ஏ. கமலான்ர பிள்ளைக்கும் அதுதான். டொக்டர் தாளைக் கொண்டுவந்து காட்டினவா. "புள்ளி வந்திட்டுது ரீச்சர்." மறக்கேல்லைப் பெட்டை! முடிவைப் பாத்துக்கொண்டு இருந்திருந்தால் மருந்து இண்டைக்குத்தான் தொடங்கியிருக்கும். அதை அவா சொல்லேல்லை. நான் நினைச்சன்.

காய்ச்சல் விடிய இறங்கத் தொடங்கினது. பத்து மணிக்கு ஒரு கிளாஸ் தண்ணி. பிறகு இன்னொண்டு. மூத்திரம் போனதுக்கு ஒரு வாட்டே சந்தோசப்பட்டதை இண்டைக்குத்தான் பாத்தன். சாப்பாடு: அரைத் தோசை (கமலான்ர). மருந்து, வாய் திற, நாக்கு நீட்டு, மேல தூக்கு. ஒவ்வொருதரமும். இப்ப அவளே கேக்க முதல் நீட்டுறாள்.

விட்ட நாளுக்கும் சேத்து இன்னும் அஞ்சு நாளைக்கு மருந்தாம். நேசறிக்கு லீவு சொல்லவேணும்.

பிள்ளை நித்திரை. நான் கதிரையில. அந்த நாளையே யோசிச்சுக்கொண்டிருக்கிறன், என்ர முதல் நன்மை நாள். இவ்வளவு காலமும் வாயால சொல்லிச் சொல்லி ஒரே மாதிரித் தேய்ஞ்ச கதை. இண்டைக்கு மெல்லமா, அடியிலயிருந்து, ஒவ்வொரு இடமா நடந்து பாத்தன். ஒழுங்கை. மணல். செருப்புக் கையில. கோயில் கிணத்தடி.

கிணத்தடியில நான் தனிய இல்லை. அம்மா நிண்டவா.

எனக்குத் தலை சுத்தினது. கண் இருட்டினது. அம்மா என்னைக் கிணத்துக்குப் பின்னால இழுத்துக்கொண்டு போய், சீலைத் தலைப்பால மூடினவா. பூசை முடியத் தாறதுக்கெண்டு போத்திலில கொண்டுவந்த பிளேன்ரீ. இளஞ்சூடு. சீனி கூட. நான் மாட்டன் எண்டன். தலையை ஆட்டி ஆட்டி மாட்டன் எண்டன்.

"குடி மோள். அவரும் ஒரு தாய் வளத்த பிள்ளைதானே, அவருக்கு விளங்கும்."

ரெண்டு மிடறு. அம்மான்ர சீலையில அடுப்புப் புகை மணம். பிறகு தலைப்பால என்ர வாயைத் துடைச்சு, சட்டையில ஊசியைச் சரிபண்ணி, வரிசையில கொண்டுபோய் விட்டவா.

எப்பிடி இது கதையிலயிருந்து கழண்டுபோனது? பசி இருக்கு, ஊசி இருக்கு, பணிஸ் இருக்கு. கடைசி வாங்கிலில அழுத பெட்டைகூட இருக்கிறாள். அம்மா மட்டும் இல்லை. தலை சுத்தச் சுத்த நிண்டனாம். நிண்டது அந்த ரெண்டு மிடறாலதான்.

அம்மாவுக்கு ஒரு படம்கூட எங்களிட்டை இல்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எல்லாம் போச்சு. இண்டைக்கு அவான்ர சீலை மணம் வந்தது. நல்லா வந்தது. எழுதிக்கொண்டே மூச்சை இழுத்து இழுத்துப் பாத்தன், மாஸ்க்குக்குள்ள. மிஸ் கேட்டவா, "ரீச்சர், உங்களுக்கும் மூக்கடைப்போ?"

யூன் 15, ஞாயிறு

நல்ல வெயில். காத்தும் திரும்ப வந்திட்டுது.

விடிய றீற்றா போன் எடுத்து, பூசையைக் கேக்கப்பண்ணினாள். அந்தோனி கோயிலில நிண்டு அவளுக்கு எடுக்க, அவள் எங்களுக்கு எடுக்க, பாட்டு கிணத்துக்குள்ளயிருந்து வாற மாதிரிக் கேட்டது. பத்துப் பிள்ளையளின்ர பேரும் வாசிச்சினம். பதினோராவதா ஷெரின்ர பேரும் வாசிச்சவர் பாதர். ஷெரின் படுக்கையிலயிருந்து "இருக்கிறன்" எண்டு கையைத் தூக்கினாள்.

காய்ச்சல் இல்லை. குழாய் கழட்டியாச்சு. நெஞ்சில இன்னும் கொஞ்சம் கிர்கிர்.

அம்மான்ர கதையைச் சொன்னன். முழுசா.

"அப்ப வகுப்பில பொய்யோ சொன்னனீங்கள்?"

"பொய் இல்லை. மறந்துபோனன்."

"ரெண்டு மிடறையும் மறந்தனீங்களோ?" கொஞ்சம் யோசிச்சாள். "மற்றப் பிள்ளையளுக்கும் சொல்லுங்கோ."

சொல்லுவன். வாற ஞாயிறே.

வெள்ளைச் சட்டை அந்தோனி கொண்டுவந்தவன். றீற்றா தைச்சது. பிள்ளை மெலிஞ்சுபோச்சு, இடுப்பு நிக்கேல்லை. மிஸ்ஸிட்டை ஊசி வாங்கிக் குத்தினன்.

"குத்துதோ?"

"இல்லை."

கொஞ்சம் ஏமாற்றமாத்தான் இருந்தது எனக்கு.

பின்னேரம், சரியா மருந்து நேரம், பாதர் வந்தார். மாஸ்க்கோட, வேர்த்து வழிய, மோட்டச்சைக்கிள் புழுதியோட. மிஸ் கையில மருந்துக் கோப்பை. ரெண்டு பேரும் கட்டிலடியில ஒரே நேரத்தில வந்து நிண்டிட்டினம். ஷெரின் பாதரைப் பாத்தாள், மிஸ்ஸைப் பாத்தாள், பிறகு என்னைப் பாத்தாள். கண் நிறைஞ்சுபோச்சு.

"மருந்து முதல்" எண்டார் பாதர். அவர் கையைக் கட்டிக்கொண்டு நிண்டு பாத்தார்.

குடிச்சாள். பிறகு டொக்டர் வந்து சுவரோட சாய்ஞ்சு நிண்டவா, தான் சும்மா வந்ததாம். கமலா மகனைத் தூக்கிக்கொண்டு எழும்பி நிண்டவா, செருப்பைக் கழட்டிப்போட்டு. சின்னச் செபம். ஷெரின் கண்ணை மூடி, கையைக் கூப்பி, சேலைன் ஊசி குத்தின கை வீங்கிப்போய். "கிறிஸ்துவின் உடல்." "ஆமென்." நாக்கை நீட்டினாள். நான் மற்றப் பக்கம் திரும்பிட்டன், பாக்கேலாமல் போச்சு.

பிறகு என்ர சட்டையைப் பிடிச்சு ஆரோ இழுக்கிறது.

திரும்பினால், ஷெரின். வாயை ஆவெண்டு திறந்து, நாக்கை நீட்டி, மேல தூக்கிக் காட்டுறாள்.

"பாருங்கோ பெரியம்மா. விழுங்கீட்டன்."